படைப்பணி முடித்தவர்கள் அன்றாடக் கோபத்தைக் குறித்துவைக்கும் முறை

படைப்பணி முடித்துப் பாளையங்கோட்டைக்கோ வள்ளியூருக்கோ திரும்பியவர், கோபம் வந்த நேரம், இடம், அதற்குச் சற்று முன் நிகழ்ந்தது, 0 முதல் 10 வரையிலான அளவு, தணிய எடுத்த நிமிடங்கள் ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் அன்றன்றே எழுத வேண்டும். வண்ணார்பேட்டை நெரிசலில் ஹாரன் சத்தம் கேட்டதும் தாடை இறுகியது என்பதுபோல உடலின் அறிகுறியையும், முந்தைய இரவின் உறக்கத்தையும் சேர்த்தெழுதுவது அவசியம். ஏனெனில் உறக்கம் குறைந்த மறுநாள் சிறு தூண்டுதலும் பெரிதாகிவிடும். வெளிக்காட்டாமல் விழுங்கிய கோபமும் கணக்கில் சேரும். பலர் அதைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கடந்த 4 வாரங்களைப் பற்றிக் கேட்கும் டி.ஏ.ஆர்.-5 என்னும், கோபத்தை அளக்கும் 5 கேள்விப் படிவத்தில் கூட்டுத்தொகை 12 அல்லது அதற்கு மேல் வந்தால், குறிப்பேட்டுடன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டாரிடம் கை ஓங்கும் நிலை வந்தாலோ, படிவத்துக்குக் காத்திராமல் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ உடனே அழைக்கவும்.