புள்ள பெத்துட்டு திரும்ப மலைக்குப் போறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

பிரசவ லீவு முடிஞ்சி மறுபடி தேயிலை மலையில பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கூடுற எடம்) போற நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க நெறைய பேர் பண்ற பெரிய தப்பு, பால் குடுக்கிற நேரத்த கேக்காமலே விட்டுடுறதுதான். மூத்தவனுக்கு நானும் அப்பிடித்தான் விட்டேன், காலையில பத்து மணிக்கெல்லாம் மாரு கல்லு மாதிரி கட்டி, பால் கசிஞ்சி சட்டையெல்லாம் நனைஞ்சி, தலவாக்கலை குளிருல அந்த ஈரத்தோடயே கொழுந்தெடுத்தேன், மூணாம் நாள் காய்ச்சல் வந்து படுத்துட்டேன்.

நம்ம இலங்கையில பிரசவ நன்மைகள் சட்டம் 1939லயே வந்தது. புள்ளைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும், சாப்பாட்டு நேரம் போக, நாளைக்கு ரெண்டு தடவ பால் குடுக்க விடணும். தோட்டத்துல புள்ள மடுவம் (வேலை நேரத்துல புள்ளைங்கள பாத்துக்கிற எடம்) இருந்தா ஒவ்வொரு தடவையும் அர மணித்தியாலம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம். லீவும் 84 நாள், முந்தி மூணாவது புள்ளைக்கு 42 நாள்தான் இருந்திச்சி, 2018ல திருத்தி எல்லா புள்ளைக்கும் ஒன்னாக்கிட்டாங்க, இன்னும் பழைய கணக்கையே நம்பி சீக்கிரமா போயிடாதீங்க.

ஆனா மலை தூரமா இருந்தா அந்த அர மணித்தியாலம் எறங்கி ஏறவே சரியா போயிரும். அதனால முதல் நாளே வேலை பிரிச்சிக் குடுக்கிற கணக்கப்பிள்ளைகிட்ட மடுவத்துக்குக் கிட்ட உள்ள மலையில பேர் போடச் சொல்லி கேளுங்க, வெக்கப்படாதீங்க.

அடுத்தது, "வேலைக்குப் போனா பால் வத்திரும்"னு சொல்லி ஒரு வாரத்துக்கு முன்னமே மாப்பால் (பவுடர் பால்) பழக்குறது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும், எடுக்காம விட்டாத்தான் வத்தும். கைய சோப்பு போட்டு கழுவிட்டு, சுத்தமான மூடி போட்ட கோப்பையில பீச்சி வச்சிட்டுப் போங்க, ஃபிரிட்ஜ் இல்லாத காம்பராவுலயும் நாலு மணித்தியாலம் வைக்கலாம். அடுப்புல வச்சி சூடாக்க வேணாம், சுடுதண்ணி பாத்திரத்துக்குள்ள கோப்பைய கொஞ்ச நேரம் வச்சா போதும். எங்க மாமி சின்ன கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுவாங்க, சூப்பி போத்தல் தேவையே படல.

புள்ளைய ஒரே நாள்ல மடுவத்துல விட்டுட்டு ஓடுறதும் தப்பு. ஒரு கிழமைக்கு முன்னமே கொண்டு போய் கொஞ்ச நேரம் ஒக்காருங்க, ஒங்க பழைய சீலைத்துண்டு ஒன்ன தொட்டில்ல போட்டு வைங்க, அந்த வாசத்துலயே தூங்கும்.

கொழுந்து கிலோவத் தொரத்தாதீங்க. அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுருவாங்கன்னு பயந்து கூடைய நெறச்சி சொமந்தா, அதுவும் ஒப்பரேசன் பண்ணி பெத்தவங்க, இடுப்பு போயிரும். மிட்வைஃப் மிஸ்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

நேரம் தரமாட்டேன்னா தோட்டத்து யூனியன் தலைவர்கிட்ட சொல்லுங்க, அதுக்கும் சரிவரலன்னா லேபர் ஒபீசுக்குப் போகலாம், புள்ளையோட பொறப்புச் சான்றிதழ் கொப்பி ஒன்னு கையில வச்சிக்கங்க. சின்னவளுக்கு நான் முதல் நாளே கேட்டேன், பத்து மணிக்கு கூடைய எறக்கி வச்சிட்டு மடுவத்துக்கு நடந்தேன், கணக்கப்பிள்ளை நேரத்த மட்டும் பாத்தாரு, ஒன்னும் சொல்லல.