கிளட்சில் ஏர் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கியர் பல் உரசுகிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. நாலைந்து முறை மிதித்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது. கிளட்ச் லைனில், அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் மூலம் கிளட்சுக்குக் கொண்டுபோகும் குழாயில், காற்று இருந்தால் இப்படித்தான். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். மிதியில் பாதி காற்றை நசுக்கவே போய்விட, கிளட்ச் பக்கம் இருந்து அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடு முழுத் தூரம் நகராது.

உடனே ஸ்பானரோடு ஏர் எடுக்க, அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற, இறங்குவது முதல் தவறு. மூடிய லைனுக்குள் காற்று சும்மா வராது. பெடலை மிதித்தே பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கும். ஏர் எடுத்துப் பயனில்லை. ஸ்லேவின் தூசி ரப்பரை விலக்கி, ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே ஆயில் வருகிறது. கிளட்ச் குழாய் டப்பாவில் சற்று மேலே இருப்பதால், ஆயில் குறைந்தால் முதலில் காற்று இழுப்பது கிளட்ச்தான். ஏர் எடுக்கும்போதும் நாலு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்க்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

படபடவென்று மிதிக்காதீர்கள். பெரிய குமிழி நுரையாக உடைந்து ஒட்டிக்கொள்ளும். நிதானமாக மிதித்துப் பிடிக்க வேண்டும், நிப்பிளை (காற்றை வெளியேவிட ஸ்லேவில் இருக்கும் சிறு திருகு) அரைச்சுற்று திறக்க வேண்டும், மூடிய பிறகே பெடலை விட வேண்டும். தரையோடு கிடக்கும் பெடலைக் கையால் தூக்கிவிடுங்கள்.

எவ்வளவு எடுத்தும் தீரவில்லையா? நிப்பிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அது சிலிண்டரின் உச்சியில் இல்லாவிட்டால் காற்று மேலேயே தங்கிவிடும். வெளியே மாட்டிய ஸ்லேவ் என்றால், ஹோஸைக் கழற்றாமல் போல்ட்டுகளை மட்டும் எடுத்து, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்து, ராடை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுங்கள். பிடிக்காமல் மிதித்தால் பிஸ்டன் தெறித்து வெளியே வரும்.

மிதிப்பதற்குப் பதில் வேக்கம் பம்ப் வைத்து நிப்பிளில் உறிஞ்சி எடுப்பவர்கள் ஏமாறுவது நிப்பிள் மரையில். அந்த வழியாக வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டு குமிழி வந்துகொண்டே இருக்கும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நிற்கும்.

டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் பட்டால் ரப்பர்கள் ஊதிப்போகும். பாதி தீர்ந்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலும் வேண்டாம், ஈரம் இழுத்திருக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு, பெடலை முழுதாக மிதித்து மூன்று நொடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சரி. மறுநாள் காலை பெடல் மறுபடி தொளதொளத்தால் எங்கோ கசிகிறது.