பழைய எம்எக்ஸ்-5: பாடி முறுக்கைக் குறைப்பது எப்படி

மேடுபள்ளத்தில் பின்பார்க்கும் கண்ணாடி நடுங்கி, டாஷ்போர்டு ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் இழுக்கிறதா? பாடி முறுக்குவதால் வரும் இதை இங்கே இங்கிலாந்தில் ஸ்கட்டில் ஷேக் என்பார்கள். மடக்கும் துணிக்கூரை கொண்ட என் 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இது நன்றாகவே இருந்தது. வீட்டு வாசலில் வைத்தே மூன்று வார இறுதிகளில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டேன்.

1. முதலில் துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்சக்கரத்துக்கு முன்னால் முடியும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நெளிந்தால் வேறெதையும் வாங்காதீர்கள், முதலில் வெல்டிங்தான். இரும்புக் கூரையில்லாத காரில் முறுக்கைத் தாங்குவதே சில்லும், இரு சீட்டுகளுக்கும் நடுவில் மேடாக ஓடும் டனலும்தான். சீட்பெல்ட், சஸ்பென்ஷன் பிடிமானங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் பலவீனமான துரு இருந்தால் எம்ஓடி என்ற இங்கிலாந்தின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் தேறாது.

2. டயரில் 26 பிஎஸ்ஐ போதும். பலர் பழக்கத்தில் 32 அடித்துவிட்டுப் பாடியைக் குறை சொல்கிறார்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

3. முக்கியமான வேலை இதுதான். தரைக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு மெல்லிய தகடு ரெயில்கள் ஓடும். கண்ட இடத்தில் ஜாக்கி வைத்து வைத்துப் பல கார்களில் அவை நசுங்கியிருக்கும். சுத்தியலால் நிமிர்த்திவிட்டு, மேலே கவசம்போல் உட்காரும் யூ வடிவ எஃகு ரெயில்களை போல்ட் போட வேண்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். காரைச் சில்லில் ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, துளை போட்டு, எல்லா போல்ட்டையும் இறுக்கினேன். கீழே இறக்கியதும் இடது கதவு ஓரம் உரசியது. தள்ளித்தான் மூட முடிந்தது. ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரங்கள் தொங்கும், பாடி வேறு மாதிரி வளையும். அந்த வளைவோடேயே நான் பூட்டிவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் கழற்றி, நாலு சக்கரத்துக்கும் ரேம்ப் வைத்துக் காரை நிறுத்திப் பார்த்தால், ரெயிலின் துளைக்குள் தரைத்தகட்டின் விளிம்பு பிறைபோல எட்டிப் பார்த்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உருண்டை அரத்தால் துளையைச் சற்றே அகட்டி, பெரிய வாஷர் போட்டு, கதவுகளை மூடிவைத்து, நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி இறுக்கினேன். கதவு இப்போது ஒரு விரலுக்கு மூடுகிறது. ஆகவே எடை சக்கரத்தின்மேல் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

துளை போடுமுன் கார்ப்பெட்டைத் தூக்கி ஒயர்களை ஒதுக்குங்கள். அடியில் பிரேக், பெட்ரோல் குழாய்கள் போகும் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். துளையின் விளிம்பில் பளபளக்கும் வெறும் இரும்புக்கு அன்றே துத்தநாக பெயிண்ட் அடியுங்கள். எட்டு எம்எம் போல்ட்டை இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் 20 நியூட்டன் மீட்டரோடு நிறுத்தினேன். இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம், மெல்லிய தகடு குழிந்துவிடும்.

4. பானெட்டுக்குள் இடது, வலது சஸ்பென்ஷன் மேல்முனைகளை இணைக்கும் ஸ்ட்ரட் பிரேஸ் என்ற தண்டைப் பலரும் முதலில் வாங்குகிறார்கள். இது டபுள் விஷ்போன் கார், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும். திருப்பத்தில் பக்கவாட்டு விசை அந்தக் கைகள் பொருந்திய கீழ்ச் சட்டமான சப்ஃபிரேமுக்குத்தான் போகிறது. அந்தப் பணத்தை ரெயிலுக்குப் போடுங்கள். 1994 மாடலிலிருந்து மாஸ்டாவே அடியிலும் சீட்டுக்குப் பின்னாலும் கூடுதல் பிரேஸ்கள் கொடுத்தது. சில்லுக்குள் ஃபோம் அடைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஈரம் உள்ளேயே தங்கும்; பிற்பாடு வெல்டிங் செய்யும்போது ஃபோம் தீப்பிடிக்கும்.

பின்சேர்க்கை: வெல்டிங் முடித்த ஒரே வருடத்தில் சில் மறுபடி துருப்பிடித்ததாக ஒருவர் எழுதினார். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது: துணிக்கூரையில் விழும் தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு. சீட்பெல்ட் தூணுக்குப் பின்னால் அதன் வாய் இருக்கிறது. இலைக்குப்பை சேர்ந்தால் தண்ணீர் வழிந்து சில்லுக்குள் இறங்கும். புல்வெட்டியின் நைலான் கயிற்றை விட்டு மெதுவாகக் குத்துங்கள். கம்பி வேண்டாம், அது குழாயைக் கிழித்துவிடும். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் அது தரையில் கொட்டினால்தான் வெல்டிங்குக்குக் காசு செலவழிக்கலாம்.