ஏ.ஏ. டெலிகேட் வேலை: கொங்குப் பக்கத்துக் குழுக்களுக்கு ஒரு கையேடு

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்களின் அமைப்பு. ஒரு வட்டாரத்துக் குழுக்கள் சேர்ந்தது ஏரியா. அதன் சார்பில் பொதுச் சேவை மாநாட்டுக்குப் போகிறவர் டெலிகேட். ஏரியா கூட்டத்தில் டெலிகேட் பெயரை அறிவித்த கையோடு, யாராவது ஒருவர் சால்வைக்கும் ஃபிளெக்ஸுக்கும் சொல்லக் கிளம்புவார். அவரைத் தடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. பத்திரிகை, வானொலி, சினிமா அளவில் பெயர் வெளிவரக் கூடாது என்கிறது ஏ.ஏ.வின் பன்னிரண்டு மரபுகள் என்னும் நெறிகளில் பதினொன்றாவது. படமும் முழுப் பெயரும் போட்ட ஃபிளெக்ஸ் அந்த மரபை மீறுவதோடு நிற்காது. அடுத்த வாரம் முதன்முறையாகக் கூட்டத்துக்கு வர நினைத்திருந்த குடிநோயாளி அதைப் பார்த்தால், 'அங்க போனா நம்ம படத்தையும் போட்டுருவாங்க' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். சால்வை போடுவதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதும் இதே கணக்குதான். பங்காளி, மாமன், மச்சான் எல்லோரும் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர்களில் ஒரு படம் போகிற வேகத்தைச் சொல்லவே வேண்டாம்.

டெலிகேட் எம்.எல்.ஏ. அல்ல. இரண்டாம் மரபு சொல்வது போல நம்பிக்கைக்குரிய சேவகர், ஆள்கிறவர் அல்ல. அதற்காக வெறும் தபால்காரரும் அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் இந்தப் பொறுப்பின் சிக்கல்.

எதற்கு இந்தப் பொறுப்பு

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஏ.ஏ.வின் பொது விவகாரங்களை, முதல் பதினைந்து ஆண்டுகள் நிறுவனர்களும் சில அறங்காவலர்களுமே பார்த்துக்கொண்டார்கள். இணை நிறுவனர் டாக்டர் பாப் 1950இல் இறந்தார். மற்றொரு நிறுவனரான பில்லும் போய்விட்டால் அறங்காவலர்களுக்கும் குழுக்களுக்கும் இடையே பாலமே இருக்காது என்ற கவலையில்தான் 1951 ஏப்ரலில் நியூயார்க்கில் முதல் பொதுச் சேவை மாநாடு கூடியது. 1955இல் செயிண்ட் லூயிஸில் அது நிரந்தரமானது. குழு, குழுவின் பொதுச் சேவைப் பிரதிநிதி (ஜி.எஸ்.ஆர்.), பக்கத்துக் குழுக்கள் சேர்ந்த மாவட்டம் அல்லது இண்டர்குரூப், ஏரியா, டெலிகேட், மாநாடு என்று ஒரு சங்கிலி. நடுவில் உள்ள கண்ணிகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறலாம், வேலை ஒன்றுதான். மாநாட்டில் நீங்கள் பேசுவது அந்தியூர்க் குழுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்து.

ஒத்துக்கொள்ளும் முன்

தொடர்ந்து ஐந்தாறு ஆண்டாவது குடிக்காமல் இருப்பவர், ஜி.எஸ்.ஆர்., மாவட்டப் பொறுப்பு, ஏரியா கணக்கு என்று ஏதேனும் இரண்டையாவது பார்த்து முடித்தவர் வருவது நல்லது. அமெரிக்க, கனடா சேவைக் கையேட்டின்படி பதவிக்காலம் இரண்டு ஆண்டு, ஒரே ஒரு முறை. உங்கள் ஏரியா விதி என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள்.

வீட்டில் கேளுங்கள். 'சரி' என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வரவேண்டாம். காலண்டரை விரித்து வைத்துக் கேளுங்கள். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்கள், ஊர் நோம்பி, குலதெய்வப் பூசை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளோடு மோதும். இரண்டு ஆண்டில் பாதி ஞாயிறு உங்களுடையதாக இருக்காது. குடித்த காலத்தில் நம்மைக் காணாமல் தேடிய குடும்பம் அது. இப்போது சேவையின் பெயரால் மறுபடியும் காணாமல் போனால், வீட்டுக்கு அது ஒன்றும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

கடைசியாக உங்கள் ஸ்பான்சர், அதாவது ஏ.ஏ.வில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்தவர். அவரிடமும் கேளுங்கள். இந்தப் பொறுப்பு மமதையை வளர்க்கும். அதை உங்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் வேண்டும்.

தேர்தல்: குலுக்கல் வரைக்கும் போகலாம்

பல ஏரியாக்களில் மூன்றாம் பாரம்பரிய முறை (Third Legacy Procedure) என்னும் தேர்தல் நடக்கிறது. கை தூக்குவதில்லை, எழுதிப் போடும் சீட்டு. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினால் எந்தச் சுற்றிலும் வெற்றி. விதியை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சீக்கிரம் புரியும்.

ஓட்டுப் போடுகிறவர்கள் 45 பேர், போட்டியிடுபவர் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். தேவை 30. முதல் சுற்றில் 18, 14, 8, 5, யாரும் விலகுவதில்லை. இரண்டாம் சுற்றில் 20, 14, 7, 4. இந்தச் சுற்று முடிந்ததும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 9க்குக் கீழே வாங்கியவர்கள் விலக வேண்டும். 7ம் 4ம் வெளியே. மூன்றாம் சுற்றில் 26, 19. இங்கே கோடு மூன்றில் ஒரு பங்கு, 15. நான்காம் சுற்றில் 27, 18. மூவர் மிஞ்சியிருந்தால் கடைசி ஆள் இப்போது விலகுவார். எந்தச் சுற்றிலும் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களை மட்டும் விலக்கக் கூடாது. இதன்பின், 'ஐந்தாவதும் கடைசியுமான ஒரு சுற்று போகலாமா?' என்று தலைவர் கேட்பார். சாதாரணப் பெரும்பான்மை கை தூக்கினால் போதும். அதிலும் 28, 17 என்று வந்தால் இரண்டு பெயரையும் தொப்பியில் போட்டுக் குலுக்க வேண்டியதுதான். முதலில் வரும் சீட்டு டெலிகேட். ஐந்தாம் சுற்று வேண்டாம் என்று கூட்டம் சொன்னால் அப்போதே குலுக்கல்.

'28 வாங்குனவரு வெளிய, 17 வாங்குனவரு உள்ளயா? என்னங்க நியாயம்?' என்று கட்டாயம் யாராவது எழுந்து கேட்பார். 45இல் 17 பேர் ஐந்தாம் சுற்றிலும் அவர் பக்கம் வரவில்லை என்றால், அவர்களை மிதித்துக்கொண்டு போகிற வெற்றி அந்த ஏரியாவை இரண்டாக்கும். குலுக்கலில் தோற்றவருக்கு யார்மேலும் கோபம் வராது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலையும் இதுதானே? முந்தைய மூன்று ஆண்டில் பதவி வகித்தவர், கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் யார் பெயரையும் குடத்தில் போடக் கூடாது என்று அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். சுழற்சியும் கணக்கும் நமக்குப் புதுசு இல்லை.

சீட்டு எண்ண, போட்டியில் இல்லாத மூவரை வையுங்கள். எண்களைக் கரும்பலகையில் சுற்றுக்குச் சுற்று எழுதுங்கள். பிற்பாடு வரும் சண்டையில் பாதி, எண்ணைப் படித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டதால் வருவது.

குழு மனசாட்சியைக் கேட்டு வாங்குவது

குழு மனசாட்சி என்பது குழு கூடிப் பேசி எட்டும் பொதுக் கருத்து. உண்மையான உழைப்பு இங்கேதான். மாநாட்டின் பொருள் நிரல் கைக்கு வந்ததும் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

நிரல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொரு பொருளையும் தமிழில் ஆறேழு வரிக்குச் சுருக்குங்கள்: என்ன கேட்கிறார்கள், ஏன் இப்போது கேட்கிறார்கள், ஆதரவாக இரண்டு காரணம், எதிராக இரண்டு காரணம். இரண்டு பக்கமும் சம எடை இருக்கிறதா என்று மாற்று டெலிகேட்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சாய்வு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நிரலோடு வரும் பின்னணித் தாள்களில் உறுப்பினர்களின் முழுப் பெயர் இருக்கலாம். அவற்றை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள்.

அடுத்தது சுற்றுப்பயணம். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் போக நாள் போதாது. கோவை நகரம்; பொள்ளாச்சி, உடுமலை; திருப்பூர், பல்லடம், அவிநாசி; ஈரோடு, பவானி, கோபி; காங்கேயம், தாராபுரம்; கரூர்; நாமக்கல், திருச்செங்கோடு என்று கொத்தாகப் பிரித்தால் ஏழு ஞாயிறு. ஆகவே மாநாட்டுக்குக் குறைந்தது பத்து வாரம் முன்பே தொடங்குங்கள். திருப்பூரில் சனிக்கிழமை வைக்காதீர்கள். அன்று சம்பள நாள். பனியன் கம்பெனி ஆளுக்குக் கையில் காசும் வழியில் டாஸ்மாக்கும் இருக்கிற சாயங்காலம். அன்றைக்கு அவருக்குத் தேவை குடிக்காமல் இருக்க உதவும் மீட்புக் கூட்டம், நிரல் விவாதம் இல்லை. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர்கள் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருப்பார்கள். அவர்கள் கருத்தை ஜி.எஸ்.ஆர். போனில் கேட்டு எழுதி வாங்கட்டும். எந்த ஊரானாலும் மீட்புக் கூட்டத்தின் நேரத்தில் கை வைக்காதீர்கள். நிறைவுப் பிரார்த்தனை முடிந்து, டீ குடித்து, புது ஆள் கிளம்பிய பிறகு உட்காருங்கள்.

மூன்றாவது, கேட்கும் விதம். பெரியவர் ஒருவர் முதலில் வாய் திறந்தால் மீதி எல்லோரும் 'அண்ணன் சொல்றது சரிதானுங்க' என்று முடித்துவிடுவார்கள். மரியாதைதான், ஆனால் அது குழு மனசாட்சி ஆகாது. ஆகவே குடியை நிறுத்திக் கொஞ்ச நாளே ஆனவரிலிருந்து தொடங்கி மூத்தவரிடம் முடியுங்கள். 'இதை ஏத்துக்கலாமுங்களா?' என்று கேட்டால் பதில் உள்ளேயே இருக்கிறது. 'இது வந்தா நம்ம குழுவுக்கு என்ன ஆகும்?' என்று கேளுங்கள். கருத்து சூடாகிவிட்டால் சீட்டு கொடுங்கள்.

குறிப்பேட்டில் எண்ணிக்கையைவிடக் காரணத்தை விரிவாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு துண்டுப் பிரசுரத்தின் எழுத்தைப் பெரிதாக்குவது பற்றிய பொருள் என்றால், 'ஆதரவு 9, எதிர்ப்பு 3' என்பது மாநாட்டில் யாரையும் அசைக்காது. 'ஐம்பது தாண்டிய டிரைவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாமல் மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள்' என்பது அசைக்கும்.

பணம்

பயணம், தங்கல், பதிவுக் கட்டணம் மூன்றும் ஏரியா செலவு. ஏழாம் மரபுப்படி உறுப்பினர்களின் காணிக்கையிலிருந்து மட்டும். கூட்டத்தில் வசதியான மில்காரர் ஒருவர் இருப்பார். 'நீங்க பிளைட்ல போங்க, நான் பாத்துக்கறேன்' என்பார். அன்போடுதான் சொல்கிறார். அவர் உறுப்பினர் என்றால் பொருளாளரிடம், எல்லோரையும் போலக் காணிக்கைப் பையில் போடட்டும். உங்கள் கையில் நேரே வாங்கினால், மாநாட்டில் அவருக்குப் பிடிக்காத பக்கம் ஓட்டுப் போடும்போது கை கனக்கும்.

முன்பணம் வாங்கிய நாள், தொகை, ஒவ்வொரு ரசீது, மீதி என நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் மீதியை ஒப்படையுங்கள். ரசீது இல்லாத ஆட்டோ, டீ செலவுக்குத் தினசரி உச்சவரம்பை முன்கூட்டியே ஏரியா முடிவு செய்திருக்க வேண்டும். தகராறு வருவது பெரிய தொகையில் அல்ல, இந்தச் சில்லறையில்தான்.

போகும்போது, அங்கே இருக்கும்போது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. திறந்த அன்றே போடுங்கள். மாநாடு மும்பையில் என்றால் கோவையிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸ் திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகப் போகிறது. கரூர்க்காரர் ஈரோட்டிலும் நாமக்கல்காரர் சேலத்திலும் ஏறிக்கொள்ளலாம். ஒன்றரை நாள் பயணம். பெட்டியில் பாட்டிலைத் திறக்கிற கும்பல் வந்து சேர்ந்தால் டி.டி.இ.யிடம் இடம் மாற்றிக் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அறையில் தனியாக முடங்காமல், மாநாட்டுக்கு வெளியே அந்த ஊரின் சாதாரணக் கூட்டம் ஒன்றில் போய் உட்காருங்கள். டெலிகேட்டுக்கும் குடிநோய் இருக்கிறது.

பொருள்கள் பொதுவாக முதலில் மாநாட்டின் கமிட்டிகளுக்குப் போகும். அங்கிருந்து பரிந்துரையாக முழு அவைக்கு வரும். பேச வேண்டியதைக் கமிட்டி நிலையிலேயே பேசிவிடுங்கள். அவையில் மைக் முன்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் யார் காதும் தாங்காது. வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் வெட்கம் வேண்டாம். எழுதி வைத்துப் படிக்கலாம், மொழிபெயர்க்க ஆள் கேட்கலாம்.

ஓட்டுப் போடும் நேரம் வரும்போதுதான் தபால்காரர் சங்கதி. குழுக்கள் சொன்னதை முழுதாக எடுத்துச் சொல்வது கடமை. ஆனால் அவையில் உங்களுக்குப் புதிய தகவல் கிடைத்து, ஏ.ஏ. முழுமைக்கும் வேறு முடிவே நல்லது என்று பட்டால், அப்படியே ஓட்டுப் போட, ஏ.ஏ. சேவைக்கான பன்னிரண்டு கோட்பாடுகளில் மூன்றாவது உரிமை தருகிறது. கட்டளையோடு வந்தவர்கள் மட்டும் கூடும் அவையில் விவாதத்துக்கு வேலையே இல்லை. ஓட்டை எண்ணிவிட்டு எழுந்து போகலாம். மாற்றிப் போட்டால் ஏன் போட்டீர்கள் என்று அன்று இரவே எழுதி வையுங்கள். ஊரில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

மூன்றில் இரண்டு பங்குதான் மாநாட்டு முடிவு. ஓட்டு முடிந்த பின்னும் சிறுபான்மைக் கருத்துக்கு இடம் உண்டு. ஐந்தாம் கோட்பாடு தரும் முறையீட்டு உரிமை அது. அதைக் கேட்டு மனம் மாறியவர், தாம் வென்ற பக்கம் ஓட்டுப் போட்டிருந்தால், மறுபரிசீலனை கோரலாம். தோற்றோம் என்று பையை மூடிவிடாமல் எழுந்து பேசுங்கள்.

திரும்பிய பின்

இரண்டு வாரத்துக்குள் தமிழில் ஒரே தாளில் அறிக்கை. முதலில் உங்கள் குழுக்கள் கேட்ட பொருள்கள் என்ன ஆயின, பிறகு மற்றவை, கடைசியில் பணக்கணக்கு. சாப்பாடு எப்படி, ஹால் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் டீ நேரத்துக்கு. அறிக்கையில் முழுப் பெயரோ, யாராவது தனிப்பட்ட முறையில் பகிர்ந்ததோ இருக்கக் கூடாது. அதே ஏழு கொத்துக்கும் மறுபடி போங்கள். பதினைந்து நிமிடம் பேச்சு, அரைமணி கேள்வி. இந்த இரண்டாம் சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நிரலோடு போகும்போது 'போன வருசம் சொன்னது என்னாச்சுங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டு, புது நிரலைப் பற்றி யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் அதுவே.

காலம் முடியும் மாதத்தில் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டியவை: மாநாட்டு அறிக்கைகள், குழு மனசாட்சிக் குறிப்பேடுகள், கணக்கு நோட்டு, குழுக்களின் கூட்ட நாள், நேரம், ஜி.எஸ்.ஆர். தொடர்புப் பட்டியல், ஏரியா மின்னஞ்சலின் கடவுச்சொல். வாட்ஸ்அப் குழுவில் புதியவரை அட்மின் ஆக்கிவிட்டு, உங்கள் அட்மின் பொறுப்பை அவரையே நீக்கச் சொல்லுங்கள்.