எதை அடகு வைக்கப் போகிறீர்கள்?

கணக்கு எழுதுவது என் தொழில். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்து மாட்டுவது பதினோரு ஆண்டுகளாக என் பித்து. அதற்கு முன் கிதார், நீர்வண்ண ஓவியம், ஒரு வெளிநாட்டு மொழி என்று மூன்று கிறுக்குகள் வந்து போயின. மூன்றிலும் ஒரே தவறைத்தான் செய்தேன்: முதல் வாரமே கருவிகளையெல்லாம் வாங்கிக் குவித்தேன். கிதார் இன்னும் அலமாரிக்கு மேல் இருக்கிறது. தூசி தட்டும்போது மட்டும் முனகும்.

"எனக்கு எதிலுமே பெரிய ஈடுபாடு இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பவர்கள் முதலில் 'எது எனக்குப் பிடிக்கும்' என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும். பிடித்தவை நூறு இருக்கும். 'ஈடு' என்ற சொல்லுக்கு அடகு என்றும் பொருள் உண்டு. என் கணக்குப் புத்தி அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. இதற்காக எதை அடகு வைப்பேன் என்று கேளுங்கள். நான் வைத்தது இரவு ஒன்பது முதல் பத்தரை வரை. வட்டியாகக் கழுத்து வலி.

பிறகு, அந்த வேலையில் எது மிகவும் சலிப்பானதோ அதற்கு நேராகப் போங்கள். ஓடாத கடிகாரம் மறுபடி துடிக்கும் கணம் யாருக்குத்தான் பிடிக்காது? ஹேர்ஸ்பிரிங்கிடம் போய்ப் பாருங்கள். கடிகாரத்தின் துடிப்பைச் சீராக வைக்கும், தலைமுடியை விட மெல்லிய சுருள் அது. நான் தொடங்கிய ஆண்டில் சாமணம் வழுக்கி ஒரு சுருளைச் சிக்காக்கிவிட்டேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, வெளிவட்டத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக நீவினேன். மூன்று இரவுகள். மூன்றாம் இரவு முடிவில் ஒரே ஒரு சுற்று மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிய பிறகும் உள்ளே போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். நான்காம் இரவு அது முறிந்தது.

அந்த வாரமே இன்னொரு பழுதான கடிகாரத்தைத் தேடிப் போனேன். கிதாரில் ஒரு கம்பி அறுந்தபோது புதுக் கம்பி வாங்கத் தோன்றவே இல்லை. வித்தியாசம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெறுப்பு வந்தால் பயப்படாதீர்கள். சார்லஸ் டார்வின் 1846 முதல் எட்டு ஆண்டுகள் பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளை அறுத்து ஆராய்ந்தார். 1852இல் ஒரு கடிதத்தில், தன்னைப் போல் கொட்டலசை வெறுத்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார் என்று புலம்பினார். பிறகு இன்னும் இரண்டு ஆண்டுகள் அதையே செய்தார்.

ஈடுபாடு எங்கோ தயாராகக் காத்திருக்கிறது, தேடினால் அகப்படும் என்ற எண்ணமும் கெடுதல். பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு முதலில் கருந்துளை பற்றிய சுவையான வீடியோவைக் காட்டினார்கள். பிறகு அதே பொருளில் கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது தேடிக் கண்டடைய வேண்டியது என்று நம்பியவர்களுக்குத்தான் கட்டுரையைப் படித்ததும் ஆர்வம் அதிகம் வடிந்தது.

நேரத்தைக் குறைவாக, ஆனால் நிலையாக ஒதுக்குங்கள். கருவிகளைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

உடனே காசாக்க வேண்டாம். 1973இல் நடந்த புகழ்பெற்ற சோதனை ஒன்றில், படம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி மழலைகளை வரையச் சொன்னார்கள். பிறகு தானாக விளையாடும் நேரத்தில், பரிசுப் பேச்சையே கேட்காத குழந்தைகளை விட அவர்கள் குறைவாகவே வரைந்தார்கள். நானும் ஆறு மாதம் கூலிக்குப் பழுது பார்த்தேன். மேசையில் இருந்தவை கடிகாரங்களாகத் தெரியவில்லை, பாக்கிகளாகத் தெரிந்தன. நிறுத்திவிட்டேன்.

கடைசியாக ஒரு சோதனை: கீழே வைக்க முடிகிறதா? உளவியலாளர் ராபர்ட் வலராண்ட் 2003இல் ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்தார். ஒன்று வாழ்க்கையின் மற்றவற்றோடு இணங்கிப் போவது. மற்றது நம்மை ஆட்டிப்படைப்பது. நான் இரண்டாவதில் இருந்ததை என் மகள்தான் காட்டினாள். ஒரு நாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே தலையாட்டினேன். "நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள் அப்பா" என்றாள். திருதிருவென்று விழித்தேன். அன்று முதல், யார் அறைக்குள் வந்தாலும் சாமணம் மேசைக்குப் போய்விடும். வேலை ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இப்போது மேசையில் இருப்பது ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. ஹேர்ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காந்தம் ஏறியிருக்கும், அல்லது எண்ணெய் பட்டிருக்கும். இன்று ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும்.