ஆட்டு எலும்பை அறுத்துப் பார்ப்போம்: சுமைக்கு எலும்பு எப்படி மாறுகிறது?

சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று பாடத்தில் படித்திருப்போம். கண்ணால் பார்க்க ஒரு ஆட்டு எலும்பும் ஹேக்சா பிளேடும் போதும்.

படி 1: கீழக்கரையோ தொண்டியோ, கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "பாய், பின்னந்தொடை எலும்பு, இடுப்புல சேர்ற குமிழோட வெட்டாம முழுசா வேணும்." கத்தி இறங்கிவிட்டால் வேலைக்கு ஆகாது. வளர்ந்த ஆடாக இருக்கட்டும். குட்டி என்றால் வேகவைத்ததும் குமிழ் தனியே கழன்றுவிடும். அதன் அடியில் இன்னும் குருத்தெலும்புதான் இருக்கும்.

படி 2: திறந்த பாத்திரத்தில் வேகவைத்துச் சதையைச் சுரண்டி எடுங்கள். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், மிளகு தட்டிப் போட்டால் சூப்.

படி 3: குமிழின் நடுவாக நீளவாக்கில் அறுக்க வேண்டும். வெந்த எலும்பு வழுக்கும், கையில் பிடித்து அறுக்காதீர்கள். தச்சுப் பட்டறையில் கேட்டு வைஸில் மாட்டி அறுங்கள். அப்புறம் வெந்நீர், சோப்பு, பழைய டூத் பிரஷ் கொண்டு மஜ்ஜையைக் கழுவி, காக்கைக்கு எட்டாத இடத்தில் வெயிலில் காயவையுங்கள்.

படி 4: இப்போது சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நடுத்தண்டில் சுவர் தடிப்பு, உள்ளே வெறும் குழாய். முனையை நெருங்க நெருங்கச் சுவர் மெலிந்து, உள்ளே வலைக்கண் மாதிரி எலும்பு இழைகள் நிறைகின்றன. உற்றுப் பாருங்கள், அவை கண்டபடி ஓடவில்லை. குமிழின் மேல்பரப்பில் விழும் பாரம் உள்பக்கச் சுவருக்கு இறங்குகிற திசையில் நெருக்கமாக ஓடுகின்றன. சுமையும் எலும்பின் அமைப்பும் சேர்ந்தே மாறும் என்று பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். நெதர்லாந்தின் விலங்கியலாளர் ஸ்லைப்பர் 1942-இல் விவரித்த ஆடு இன்னும் விசேஷம்: முன்னங்கால் இல்லாமல் பிறந்து பின்னங்காலில் நடந்த அதன் கால், இடுப்பு எலும்புகளின் வடிவமே மாறியிருந்தது.

இதைச் செய்வது யார்? எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள். எலும்பு துளி வளைந்தாலும் நுண்குழாய்களில் நீர் நகர்கிறது. அதை உணர்ந்து, கட்டும் செல்களுக்கும் கரைக்கும் செல்களுக்கும் சேதி அனுப்புகின்றன. அசையாமல் நிற்கும் பாரத்தை இவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஏறி இறங்கும் பாரம்தான் வேண்டும். பாரமே இல்லாத விண்வெளியில் இடுப்பு எலும்பு மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது.

நம் கடலிலும் கொஞ்சம் அப்படித்தான். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்க மூழ்கும் அக்காமாருக்கு நீச்சல் மூச்சையும் தசையையும் வளர்க்கும்; ஆனால் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. பாசி மூட்டையோடு கரையேறும் நடைதான் எலும்புக்கான வேலை என்பேன்.

படி 5: உங்கள் எலும்புக்கு. குதிகாலை உயர்த்தி 'தொப்'பென்று இறக்குங்கள், பத்து இருபது தடவை. ஒரேயடியாக நூறு வேண்டாம். தொடர்ந்து தட்டினால் செல்கள் மந்தமாகிவிடும். சில மணி நேரம் விட்டு மறுபடி செய்யலாம். பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் ஒரு சுற்றுக்கே மூன்று நான்கு மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள். எலும்பு மெலிந்தவர்கள், ஏற்கெனவே முறிவு கண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.