முத்திரையிடல் கோட்பாடு: கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவரைக் 'குற்றவாளி' என்று மற்றவர்கள் பெயரிட்டு நடத்துவதே அவரை மேலும் குற்றத்துக்குத் தள்ளலாம் என்பதுதான் முத்திரையிடல் கோட்பாடு. அதை வைத்து வேலூரில் குற்றவியல் படிக்கும் மாணவர்கள் கள ஆய்வுக்குக் கிளம்பும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் திரும்பி வருகின்றன. மேற்கோள் பிழைகளை வழிகாட்டி திருத்திவிடுவார். எதிரில் இருக்கும் மனிதரின் பிழைப்பைக் கெடுக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

தெருவில் நின்று விசாரிப்பது

குடியாத்தம் பக்கம் ஒரு மாணவர், தெருமுனைப் பெட்டிக்கடையில், "திருட்டு வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்த பையன் வீடு எது?" என்று கேட்டார். கடைக்காரருக்கு அதுவரை அந்த விஷயமே தெரியாது. அந்த இளைஞர் அப்போது காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பேச்சு தொழிற்சாலை வரை போனது. மேஸ்திரி இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாணவரின் அறிக்கையில், 'சமூகம் இவர்மீது முத்திரை குத்துகிறது' என்று ஒரு பத்தி இருந்தது. அந்த முத்திரையைத் தெருவுக்குள் கொண்டுபோனது தன் கேள்விதான் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

இந்தக் கோட்பாட்டின் முன்னோடியான சமூகவியலாளர் எட்வின் லெமர்ட், சமூக விதியை மீறும் நடத்தையான பிறழ்வில், 1951இல் முதல்நிலைப் பிறழ்வையும் இரண்டாம்நிலைப் பிறழ்வையும் பிரித்துக் காட்டினார். முதலாவது, பலர் செய்துவிட்டுக் கடந்து போவது. இரண்டாவது, மற்றவர்கள் நடத்தும் விதத்தால் ஒருவர் அந்த அடையாளத்தையே தனதாக்கிக்கொண்டு அதன்படி வாழத் தொடங்குவது. பிறழ்வு என்பது செயலில் இருக்கும் குணம் அல்ல, மற்றவர்கள் விதியையும் தண்டனையையும் ஒருவர்மீது ஏவுவதன் விளைவு என்று சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதினார். பெட்டிக்கடையில் வாய் திறந்த நொடியில் நீங்களும் அந்த 'மற்றவர்'களில் ஒருவர். வேலை போன இளைஞரைச் சேர்த்துக்கொள்ளப் பழைய கூட்டாளிகள்தான் மிஞ்சுவார்கள்.

பெயரை மட்டும் சொல்லி விசாரியுங்கள். அதைவிட, அவரிடமே போனில் பேசி, அவர் சொல்லும் இடத்துக்குப் போங்கள். காவலரை உடன் அழைத்துப் போகவே கூடாது.

முதல் திருட்டுக்கும் முத்திரையே காரணம் என்று எழுதுவது

இல்லை. அதை விளக்க இந்தக் கோட்பாடு போதாது.

சரித்திரப் பதிவேட்டை அப்படியே நகலெடுப்பது

சரித்திரப் பதிவேடு என்பது, தான் கண்காணிக்கும் ஆட்களைப் பற்றிக் காவல் நிலையம் வைத்திருக்கும் பதிவு. காவல்துறை யாரைக் கண்காணிக்கிறது என்பதற்கு அது சான்று. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அல்ல. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்ட முறை 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, வட ஆற்காடு அந்த மாகாணத்தின் ஒரு மாவட்டம். பிறந்த சாதிக்காகவே மக்களைப் பதிவு செய்த அந்தச் சட்டம் இங்கே 1947இல் நீக்கப்பட்டது. அந்தக் காலப் பதிவுகளின் வர்ணனையைத் தன் கண்டுபிடிப்பைப் போல எழுதும் ஆய்வேடுகள் இன்னும் வருகின்றன.

சிறாரின் பெயர்

பெயர், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. சிறாரின் அடையாளத்தோடு வரும் அறிக்கையை முதல் பக்கத்திலேயே மூடித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.